நான் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. பிறகு கிளிநொச்சியில் சைக்கிள் திருத்தினேன். யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தில், மனம் நொந்தவர்களோடு இருந்து கதை கேட்கும் உளவளத்துணை வேலைக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை அதுதான்.

நீங்கள் படித்து வந்தவற்றை நான் எழுதப்போவதில்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எழுதுவது ஒன்றே ஒன்று. முன்பின் தெரியாத ஒருவரிடம் முதல் நாள் போய், நான் இன்னார், இப்படிப்பட்ட ஆள் என்று எப்படிச் சொல்வது. சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அதைப் பழக எனக்குக் கனகாலம் பிடித்தது.

முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். என்னால் ஒருவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு கதை கேட்க முடியாது. முகத்தைப் பார்த்தால் காது அடைத்துவிடும். தகரக் கூரையில் மழை பெய்தால், பக்கத்தில் ஒலிபெருக்கி பாடினால், தலை வெடிப்பது போல இருக்கும். ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே எடுப்பேன். உள்ளுக்கு வேறு ஒன்றை வைத்துச் சொன்னால் விளங்காது. ஒரே நேரத்துக்கு, ஒரே பாதையால், ஒரே சாப்பாட்டோடு போய்வந்தால்தான் எனக்கு நாள் சரியாகப் போகும். ஊரில் என்னை ‘ஒரு மாதிரி’ என்றார்கள். இதற்கு ஓட்டிசம் என்று ஒரு பெயர் இருப்பது எனக்கு நெடுங்காலம் தெரியாது. வவுனியாவில் ஒரு டொக்டர் பிறகுதான் சொன்னார். நான் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. சைக்கிளில் வந்துகொண்டே இருந்த ஒரு சத்தம் எங்கிருந்து என்று தெரிந்தது போல. அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவன் இந்த வேலைக்கு எப்படி வந்தான் என்று நீங்கள் கேட்கலாம். என்னை எடுத்தவர் எங்கள் மேற்பார்வையாளர். என்னிலும் வயது குறைந்தவர். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய சைக்கிளுக்கு நான்தான் காற்றடிப்பது, ஒட்டுப் போடுவது. ஒருநாள் கேட்டார்.

“உம்மட கடையில சைக்கிள் திருத்தி முடிஞ்ச பிறகும் சனம் போகாமல் இருக்குது. ஏன்?”

“தெரியாது, மிஸ். இருந்து கதைக்குதுகள்.”

“என்ன கதை?”

“அது அவையின்ர கதை. உங்களுக்குச் சொல்ல ஏலாது.”

அடுத்த கிழமை பயிற்சிக்கு வரச் சொன்னார்.

பயிற்சி வவுனியாவில். வெளியிலிருந்து வந்தவர்கள் படிப்பித்தார்கள். கண்ணைப் பார், கொஞ்சம் முன்னுக்குச் சரிந்து இரு, தலையை ஆட்டு என்றார்கள். நான் கண்ணுக்குப் பதிலாக நெற்றியைப் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்து என்னோடு பயிற்சி எடுத்த இளம் பெண் பாதியில் கதையை நிறுத்திவிட்டு, “அண்ணை, என்ர நெத்தியில என்ன ஒட்டியிருக்கு?” என்று கேட்டுத் துடைத்துப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். படிப்பித்தவர் சிரிக்கவில்லை. இவர் இதற்குச் சரிவர மாட்டார் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அவருக்குத் தெரிந்த வழியில் நான் சரிவர மாட்டேன்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மிஸ் பக்கத்தில் இருந்தார். இருவரும் முன்னுக்கிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அவர் சொன்னார்: “உம்மால மறைக்க ஏலாது. மறைச்சா சனம் வேற மாதிரி நினைக்கும். கள்ளன் எண்டு நினைக்கும், இல்லாட்டி பெருமை பிடிச்சவன் எண்டு நினைக்கும். அவை நினைக்க முதல் நீர் சொல்லிப்போடும்.”

நான் சொன்னேன். ஆனால் எவ்வளவு சொல்வது என்று தெரியாமல் சொன்னேன்.

தண்ணீரூற்றில் ஒரு முஸ்லிம் பெரியவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுக் கடையைத் திறக்கத் திரும்பி வந்தவர். இரவில் நித்திரை இல்லை என்று மகன் சொல்லி அனுப்பியிருந்தார். நான் போய் இருந்து என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். முகம் பார்க்க முடியாதது, மழைச் சத்தம், சாப்பாடு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளுக்குப் பார்த்துத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். சீனி கூடப் போடச் சொன்னார்.

“தம்பி, இது எவ்வளவு காலமா இருக்கு?” என்று கேட்டார்.

“பிறந்ததில இருந்து.”

“ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. புத்தளத்தில நல்ல டொக்டர் ஒராள் இருக்கிறார்.”

பின்னேரம் வரை எனக்கு ஆறுதல் சொன்னார். போகும்போது ஒரு பை நிறையத் தோடம்பழமும் தந்தார். சைக்கிளில் பாதி வழி வந்த பிறகுதான் விளங்கியது, அவருடைய நித்திரை பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

மிஸ்ஸிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சொன்னார்: “நாலு வசனம். அதுக்கு மேல போனா அது உம்மட கதை. அவையின்ர கதைக்கு இடமிராது.”

அந்த நாலு வசனத்தை இருவரும் இருந்து செய்தோம். ஒன்று, நான் உங்கட முகத்தைப் பாக்க மாட்டன், பாத்தா எனக்குக் காது கேக்காது, அது மரியாதைக் குறைவில்லை. இரண்டு, நான் கனக்கக் கதைக்க மாட்டன், நீங்கள் கதைக்காட்டிலும் இருப்பன். மூன்று, சுத்தி வளைச்சுச் சொன்னா எனக்கு விளங்காது, நேராச் சொல்லுங்கோ. நான்கு, கேட்டா எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவன், ஆறுதலுக்கு எண்டு பொய் சொல்ல எனக்கு வராது. கடைசியில் ஒரு கேள்வியை மிஸ் சேர்த்தார். இப்பிடிப்பட்ட ஆள் உங்களுக்குச் சரியோ, இல்லாட்டி வேற ஆளை அனுப்பட்டோ?

அந்தக் கேள்விதான் முக்கியம் என்றார். சரியில்லை என்று பலர் சொன்னார்கள். வேறு ஆளை அனுப்பினோம். எனக்கு ஒரு கோபமும் இல்லை. தண்ணீரூற்றுப் பெரியவர் மட்டும், “நீங்கள்தான் வரவேணும்” என்று அடம்பிடித்தார். இரண்டாம் முறை தன்னுடைய நித்திரையைப் பற்றிச் சொன்னார்.

இனி றீற்றா அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் கடல் வந்து இரண்டு மாதம் இருக்கும். சுனாமி என்ற சொல்லை அப்போது எல்லோரும் பழகிவிட்டார்கள். ஆனாலும் கரைச்சனம் கடல் வந்தது என்றுதான் சொல்லும். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், மீன்பிடிக் குடும்பங்கள். உள்ளுக்குக் கொண்டுவந்து தகரக் கொட்டில்களில் இருத்தியிருந்தார்கள். றீற்றா அக்காவின் புருஷன் அன்று காலையில் படகைப் பார்க்கக் கரைக்குப் போனவர். படகு பற்றைக்குள் கிடந்தது, எடுத்தார்கள். ஆளை எடுக்கவில்லை.

அவர் விடியக் கொட்டிலை விட்டுக் கரைக்குப் போய்விடுவார். இடிந்த வீட்டுச் சுவரோடு சாய்ந்து, இருட்டும்வரை கடலைப் பார்த்தபடி இருப்பார். சாப்பாடு பெயருக்குத்தான். அவருக்கு ஒரு சின்ன மகள். தாயை விட்டு அசையாது. பள்ளிக்கூடம் போகாது, தாய் சாப்பிடாவிட்டால் அதுவும் சாப்பிடாது. எலும்பும் தோலுமாகிவிட்டது. மருத்துவத் தாதி என்னிடம் நேராகச் சொன்னார், ஒரு காய்ச்சல் வந்தால் இந்தப் பிள்ளை தாங்காது என்று. தாய் எழும்பினால்தான் பிள்ளை எழும்பும். எனக்குத் தந்த வேலை அதுதான்.

புருஷனுடைய தம்பி எங்கள் இடத்துக்கே வந்தார். “அண்ணை செத்துப்போனார் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும், சேர். நாங்கள் சொன்னா அடிக்க வாறா. ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்க ஏலாமல் கிடக்கு.”

நான் சேர் இல்லை என்றேன். சொல்வதற்காகப் போகவில்லை, இருக்கத்தான் போகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சும்மா இருக்கிறதுக்கு எங்கட வீட்டிலேயே ஆக்கள் கனபேர் இருக்கினம்.”

புருஷனுடைய தம்பி இப்படியென்றால் பக்கத்துக் கொட்டில் பெண்கள் மற்றப் பக்கம். வருவார், இந்தியாப் பக்கம் ஒதுங்கியிருப்பார், ஆரோ கண்டவையாம் என்று நாளுக்கொரு கதை சொன்னார்கள். எங்கள் ஆட்கள் இருவர் எனக்கு முன் போய்வந்திருந்தார்கள். நல்ல கெட்டிக்காரர்கள். றீற்றா அக்கா அவர்களுக்கு முதுகைக் காட்டினார்.

அவர் பூப்போட்ட சட்டை போட்டிருந்தார். அந்தச் சனத்தில் புருஷன் செத்தால் கறுப்பு உடுக்க வேண்டும். மைத்துனர், அதுதான் அந்தத் தம்பி, கறுப்புச் சீலை ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அது பையைவிட்டு வெளியில் வரவில்லை. ஆகவே வருகிற போகிற எல்லோரும் முதலில் சட்டையைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள். இவள் பெண்சாதியோ, கைம்பெண்ணோ? என்ன சொல்லிக் கதைக்கத் தொடங்குவது? அழுதிருக்கிறாளா, இல்லையா? இதை நான் அப்போது கவனிக்கவில்லை. அவர் பிறகு சொல்லித்தான் தெரியும்.

நான் கரைக்குப் போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக நின்றேன். நாலு வசனமும் சொன்னேன். கேள்வியையும் கேட்டேன். அவர் திரும்பவில்லை. நானும் நின்றேன். நிற்பது எனக்குக் கஷ்டமில்லை.

“பாக்க மாட்டீரோ?” என்று கேட்டார்.

“மாட்டன்.”

“உண்மையாவோ?”

“ஓம். ஏலாது.”

“அப்ப இரும்.”

இருந்தேன். பக்கத்தில் அவர்களுடைய வலை ஒரு மலை போலக் கிடந்தது. மண், முள்ளுக்கம்பி, ஓலை, ஆருடையதோ சட்டை, எல்லாம் சிக்கிக் கிடந்தன. சிக்கெடுப்பது எனக்கு நல்ல விருப்பம். எடுக்கட்டோ என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லைதானே என்று எடுக்கத் தொடங்கினேன். அன்றும் அடுத்த நாட்களும் அதுதான் வேலை. அவர் கடலைப் பார்ப்பார். நான் வலையைப் பார்ப்பேன். ஒருநாள் திடீரென்று சொன்னார்: “இழுக்காதேயும். அறுந்துபோம். பேந்து ஆர் பொத்துறது?” சொல்லிவிட்டு மற்றத் தலைப்பைத் தன் மடியில் எடுத்துப் போட்டார்.

மத்தியானத்தில் நான் கொண்டுபோன பார்சலைச் சாப்பிடுவேன். புட்டும் சம்பலும். அந்த மாதங்களில் கரையில் ஒருவரும் மீன் தின்னவில்லை. ஏன் என்று உங்களுக்கே விளங்கும். எனக்கு எப்போதும் புட்டும் சம்பலும்தான். பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தது. ஒருநாள் கை நீட்டியது. கொடுத்தேன்.

“ஏன் மாமா நெடுக இதையே தின்னுறீங்கள்?”

“வேற ஒண்டும் பிடிக்காது.”

பிள்ளை தாயிடம் திரும்பியது. “அம்மா, இவர் ஒரு மாதிரி, என்ன?”

“ஓம்,” என்றார் றீற்றா அக்கா. “சொல்லிப்போட்டுத்தான் வந்தவர்.”

அன்று அவரும் என் பார்சலில் இரண்டு வாய் சாப்பிட்டார். அடுத்த நாள் நான் மூன்று பார்சல் கொண்டுபோனேன். ஆனால் பார்சலால் ஒரு குடும்பத்தை எழுப்ப முடியாது. அவர் கரையை விட்டு வரவில்லை. பிள்ளையும் வரவில்லை.

பிறகு ஒருநாள் முற்பகல். கரையில் சில பேர் படகு இறக்கத் தொடங்கியிருந்தார்கள். றீற்றா அக்கா சிக்கெடுப்பதை நிறுத்தினார்.

“தம்பி, முதல் நாள் ஒண்டு சொன்னனீர். கேட்டா தெரிஞ்சதைச் சொல்லுவன் எண்டு.”

“ஓம்.”

“அவர் இருக்கிறாரோ?”

இதற்கு ஒரு பதில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பது. நல்ல பதில். வேறு இடங்களில் நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த மனுசியிடம் நான் முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தேன். அதை நம்பித்தான் என்னை இருக்க விட்டார். இப்போது திருப்பிக் கேட்டால் நானும் மற்றவர்களில் ஒருவன். வருவார் என்று சொன்னாலும் அப்படித்தான். உண்மையைச் சொன்னால் எழும்பிக் கடலுக்குள் நடந்துவிடுவாரோ என்று பயம். எனக்கு நீந்தத் தெரியாது.

பிள்ளை எங்கே என்று பார்த்தேன். பக்கத்துக் கொட்டில் பெண்ணோடு கிணற்றடிக்குப் போயிருந்தது. மைத்துனர் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். நான் எழும்பிப் போய் அக்காவுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தேன். பிறகு சொன்னேன்.

“எனக்கு நிச்சயமாத் தெரியாது. கண்டன் எண்டு சொன்ன ஒராளையும் நான் நேரில காணேல்லை. விசாரிச்சும் பாத்தன். கடலுக்குள்ள போன ஆள் இவ்வளவு நாளும் உயிரோட இருக்க ஏலாது. அவர் இல்லையெண்டுதான் நான் நினைக்கிறன், அக்கா.”

அவர் மண்ணை அள்ளி எறிந்தார். இன்னொரு தரமும் எறிந்தார். என் கண்ணுக்குள் போனது.

“போம். எழும்பிப் போம்.”

“போறன். உங்கட மைத்துனர் வந்த பிறகு போறன்.”

கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவரும் இரண்டு பெண்களும் வந்த பிறகுதான் எழும்பினேன். ஒரு மனுசியைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மிஸ்ஸிடம் போனேன். ஏசவில்லை. மூன்று கேள்வி கேட்டார்.

“அவா கேட்டவாவோ, நீராச் சொன்னீரோ?”

“கேட்டவா.”

“பிள்ளை பக்கத்தில நிண்டதோ?”

“இல்லை.”

“தனிய விட்டிட்டு வந்தனீரோ?”

“இல்லை.”

“அப்ப நாளைக்கும் அதே நேரத்துக்குப் போம்.”

“மண் எறிவா, மிஸ்.”

“எறியட்டும். இவ்வளவு நாளும் ஒண்டும் செய்யாமல் கடலைப் பாத்துக்கொண்டு இருந்தவாதானே.”

அந்த மூன்று கேள்வியையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பதிலை எடுக்க வேண்டாம். நான் சொன்ன பதில் அந்த ஒரு மனுசிக்கு, அந்த ஒரு நாளுக்கு, நான் கொடுத்திருந்த ஒரு வாக்குக்கு. இன்னொருவருக்கு அது பிழையாகப் போகலாம்.

மிஸ்ஸுக்கு நான் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அப்போது தெரியவில்லை. கடைசி யுத்தத்தில் உடையார்கட்டு வரை அவரைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். என்னை மாற்றப் பார்க்காமல், என்னை எப்படிச் சொல்வது என்று பழக்கினார். அதில்தான் நான் இவ்வளவு காலமும் சோறு தின்றேன்.

மிஸ் சொன்னபடி அடுத்த நாள் போனேன். கரையில் றீற்றா அக்கா இல்லை. ஓடிப்போய் மைத்துனரிடம் கேட்டேன். கொட்டிலில் என்றார். கொட்டிலுக்குக் கிட்டப் போக முதலே கேட்டது. றீற்றா அக்கா குழறி அழுதுகொண்டிருந்தார். பெண்கள் சுற்றியிருந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அது செத்தவீடாகியிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தாங்காது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிணற்றடியில் போய் இருந்தேன். பிள்ளை வந்து என் பக்கத்தில் இருந்தது. அதுவும் காதைப் பொத்திக்கொண்டது. அடுத்த நாளும் அப்படியே.

அதற்கடுத்த நாள் சத்தம் குறைந்திருந்தது. பக்கத்துக் கொட்டிலில் இருந்து கஞ்சி கொண்டுவந்தார்கள். உள்ளிருந்து றீற்றா அக்கா பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது எழும்பி ஓடியது. கொஞ்சம் பொறுத்து எட்டிப் பார்த்தேன். பிள்ளைக்குத் தீத்திவிட்டு, அதே கோப்பையில் மிச்சத்தைத் தான் குடித்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மைத்துனர் வந்தார். “பூசைக்கு நாள் வைக்கச் சொல்லிப்போட்டா,” என்றார். கொஞ்சம் நின்று, “உங்களையும் வரட்டாம். சும்மா இருக்கிறதுக்கு,” என்றார். அவர் சிரித்தாரோ என்று தெரியாது. நான் முகத்தைப் பார்க்கவில்லை.

கோயிலைக் கடல் கொண்டுபோயிருந்தது. தறப்பாள் கட்டிப் பூசை வைத்தார்கள். ஒலிபெருக்கி பூட்டியிருந்தபடியால் என்னால் உள்ளுக்குப் போக முடியவில்லை. தூரத்தில், றோட்டோரம் ஒரு வேம்புக்குக் கீழே நின்றேன். பாதர் புருஷனுடைய பெயரைச் சொன்னது அங்கேயும் கேட்டது.

பூசை முடிந்து சனம் வெளியில் வந்தது. நடுவில் றீற்றா அக்கா. கறுப்புச் சீலை. பிள்ளை அவருடைய கையைப் பிடித்திருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக அவருக்கு முன்னால் வந்து நின்றார்கள். முதலில் சீலையைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள். அவர்களில் பிழை இல்லை. அன்பில்தான் பார்த்தார்கள்.

அவர் சனத்தை விலக்கிக்கொண்டு வேம்படிக்கு நடந்து வந்தார். வந்து, எனக்கு முன்னால் நிற்காமல், பக்கத்தில் நின்றார்.

“கொஞ்ச நேரம் இதில நிக்கிறன்,” என்றார்.

“நில்லுங்கோ,” என்றேன்.

நாங்கள் மூன்று பேரும் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.